ஈரம் காயாத செங்கல் அடுப்பு

நீ இன்னும் பிறக்கவில்லை. அதனால்தான் உன்னிடம் சொல்கிறேன். அம்மாவிடம் சொன்னால் காபி ஆறுவதற்குள் அப்பாவிடம் போய்விடும். தோழியிடம் சொன்னால் பள்ளி வேன் முழுக்கத் தெரிந்துவிடும். உன்னிடம் சொன்னால் எப்படியும் முப்பது, முப்பத்தைந்து வருஷம் பத்திரமாக இருக்கும். நீ மகனா மகளா என்று தெரியாது. வருவாயா என்பதே தெரியாது. எனக்கு இப்போது பதினாறு வயது, பதினொன்றாம் வகுப்பு. இதைப் படிக்கும்போது உனக்கு இருபத்தைந்து ஆகியிருக்கட்டும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படிப் பார்த்தால் எழுதுகிற அம்மாவைவிடப் படிக்கிற பிள்ளை ஒன்பது வயது மூத்தது. யோசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. எல்லோரும் தூங்கிவிட்டார்கள். கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிக்கொண்டிருக்கிறேன். யாராவது எழுந்து வந்தால் நோட்டைத் திருப்பிப் போட்டால் போதும், பியூரெட் படம் தெரியும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய செங்கல் பார்பிக்யூ அடுப்பு விரிசல் விட்டுவிட்டது. அதற்குக் காரணம் நான். பழி அதைக் கட்டிய பூங்கொடி அக்கா மேல் விழுந்திருக்கிறது. இந்த ஒரு அடுப்பு ஒழுங்காக நின்றிருந்தால் அவருக்குக் கொத்தனார் வேலை கிடைத்திருக்கும். இப்போது கிடைக்காது. நான் வாயைத் திறந்தால் ஒருவேளை கிடைக்கலாம். எனக்கு வாயைத் திறக்கப் பயமாக இருக்கிறது. உண்மையாகவே கை வேர்த்து இந்தத் தாள் ஈரமாகிறது.

அடுப்பு எப்படி வந்தது என்று சொன்னால்தான் உனக்குப் புரியும். நம் வீட்டு அடுப்படிக்குள் கறி நுழையக் கூடாது. சாமி மாடம் அங்கேதான் இருக்கிறது. அம்மா அந்த விஷயத்தில் யார் சொன்னாலும் கேட்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை கறி என்றால் பின்னால் வேப்பமரத்தடியில் மூன்று கல் கூட்டி, அதற்கென்று இருக்கும் சட்டியில்தான் சமைக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு அந்தச் சட்டிகூட உள்ளே வராது, வெளியே குளியலறைச் சுவர் ஓரம் கவிழ்ந்து கிடக்கும். அப்பாவுக்கு லாரி பாடி கட்டுகிற பட்டறை இருக்கிறது. ஒரு வாடிக்கையாளர் வீட்டு விசேஷத்துக்கு ஏற்காடு போனவர், அங்கே தங்கும் விடுதியில் செங்கல்லால் கட்டிய பார்பிக்யூ ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். நின்றுகொண்டே சமைக்கலாம், புகை முகத்தில் அடிக்காது, பத்துப் பேர் சுற்றி நின்று பேசலாம் என்று மூன்று நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான்காம் நாள் பட்டறையிலிருந்து கம்பி வலைத் தட்டு ஒன்றைத் தானே வெல்டிங் வைத்து எடுத்துவந்துவிட்டார். சுவர் எங்கே என்று அம்மா கேட்டார். “தட்டு வந்தாச்சில்ல, சுவரு தானா வரும்” என்றார் அப்பா.

சுவர் தானாக வரவில்லை. இரண்டு மூன்று நாள் வேலைக்கு எந்தக் கொத்தனாரும் வரத் தயாராக இல்லை. அப்பா கடைசியில் என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் அண்ணனுக்கு, ஃபோன் செய்தார். மாமா சேலத்தில் வீடு கட்டிக் கொடுக்கிற காண்ட்ராக்டர். ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடி வீடு அப்போதுதான் ஆரம்பித்திருந்தார். அவரிடம் எட்டு வருஷமாகச் சித்தாள் வேலை செய்கிறவர் பூங்கொடி அக்கா. அவரும் நம் நாமக்கல்காரர்தான், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லைன் வீட்டில் இருக்கிறார். தினமும் சேலம் போய் வருகிறார். உன் காலத்தில் எப்படியோ, இங்கே இப்போது கட்டட வேலைக்குப் போகிற பெண்கள் எல்லோரும் சித்தாள்தான். கல் தூக்குவது, கலவை குழைப்பது, சட்டியில் தூக்கிக் கொடுப்பது. கல்லை வைத்துச் சுவர் எழுப்புகிற கொத்தனார் ஆண். எத்தனை வருஷம் ஆனாலும் அப்படியேதான். பூங்கொடி அக்கா மட்டும், கொத்தனார்கள் மதியம் சாப்பிடப் போகிற நேரத்தில் மிச்சக் கலவையில் இரண்டு வரி செங்கல் கட்டிப் பார்ப்பாராம். அவர்கள் கை கழுவி வருவதற்குள் பிரித்துக் கல்லைக் கழுவி அடுக்கிவிடுவாராம். எட்டு வருஷம் இப்படிக் கட்டியும் பிரித்தும். மாமா ஆள் இல்லை என்று ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்றவர், “நான் கட்டறேனுங்க” என்றிருக்கிறார். மாமா சிரித்துவிட்டு, “சரி, மாப்ள ஊட்டு அடுப்பக் கட்டு. அது நேரா நின்னுச்சுன்னா ஃபேர்லேண்ட்ஸ்ல உன்ற கையில கொலுறு தாரேன்” என்று சொல்லியிருக்கிறார். கொலுறு என்பது கொத்தனார் கையில் இருக்குமே, கலவை அள்ளிப் பூசுகிற கரண்டி.

பூங்கொடி அக்கா சொந்தமாக ஒரு கொலுறு வாங்கி, துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். அரைப் பரீட்சை முடிந்த விடுமுறை என்பதால் நான் வீட்டில் இருந்தேன். எங்கே கட்டுவது என்பதிலேயே முதல் அரை மணி நேரம் போனது. அம்மா அக்னி மூலையில்தான் வேண்டும் என்றார். அப்பாவுக்கு வேப்பமரத்தடி. “நெருப்பு தென்கிழக்குலதான இருக்கோணும்? ஊடு கட்டறப்ப அத்தனை பாத்தோம்” என்று அம்மா. “இது ஊடில்ல, கோழி சுடற எடம்” என்று அப்பா. பூங்கொடி அக்கா இரண்டு பேரையும் பார்க்காமல் கையில் கொஞ்சம் மண்ணை எடுத்து மெதுவாக விட்டார். மண் மேற்கிலிருந்து கிழக்கே சாய்ந்து விழுந்தது. “ஏனுங்கக்கா, அக்னி மூலையிலயே வெச்சுக்கலாங்க. வாய மட்டும் இப்படித் திருப்பிட்டா பொகை காம்பவுண்டத் தாண்டிப் போயிரும்” என்றார். காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் காலி மனை. அம்மாவும் ஜெயித்தார், அப்பாவும் தோற்கவில்லை. வேலை தெரிந்தவர்களுக்கு இப்படியும் ஒரு வேலை தெரிய வேண்டியிருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

மூன்று நாளும் நான் அவரை விட்டு நகரவில்லை. நான் தொணதொணவென்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஏன் செங்கல்லைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும்? ஏன் வெளிச் சுவர் சிமெண்டில், உள் சுவர் மட்டும் செம்மண் கலவையில்? ஏன் இரண்டுக்கும் நடுவில் விரல் அளவு சந்து? அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பதில் சொல்வார். “சூடானா கல்லு உப்பும் சாமி. டவுன் பஸ்ல கூட்டம் ஏறுனா என்ன பண்ணுவே? ஓரமா நகருவயில்ல? நகர எடம் வேணும். இல்லாட்டி பக்கத்து ஆள இடிக்கும்.” சிமெண்ட் ஏன் நகராது என்று கேட்டேன். “அது கவர்மெண்டு ஆபீசரு மாதிரி. உக்காந்தா உக்காந்ததுதான்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஒவ்வொரு வரி முடிந்ததும் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் வந்து நிற்கும் வரை மூச்சே விடாமல் பார்ப்பார். நின்றதும், யாருக்கும் கேட்காதபடி “ம்” என்பார். மேலே சாப்பாட்டுத் தட்டுகளை வைப்பதற்கு அப்பா ஒரு கடப்பா கல் வாங்கிவந்திருந்தார். அதையும் ஏற்றி வைத்த பிறகு மூன்றாம் நாள் மாலை, தள்ளிப் போய் நின்று, தலையைச் சாய்த்து, தன் வேலையை வேறு யாருடையதோ போலப் பார்த்தார். அந்த முகம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் தூக்கம் வரவில்லை.

போகும்போது என்னைக் கூப்பிட்டு, ஒரு வாரம் சாக்கை நனைத்துச் சுவர் மேல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், காயவே கூடாது என்றார். அதற்குப் பிறகு பதினைந்து நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. அதற்கும் பிறகு நாலு கொட்டாங்குச்சி போட்டுச் சின்னதாக ஒரு தீ. மறுநாள் இன்னும் கொஞ்சம் பெரிய தீ. கோழி கடைசியில்தான். அவசரப்பட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். “உள்ள தண்ணி குடிச்சிட்டு உக்காந்திருக்குது. திடீர்னு தீய வெச்சா அது வெளிய ஓட வழி தேடும். வழி இல்லாட்டி ஒடைச்சிட்டு வரும்” என்றார். “பாத்துக்க சாமி, உன்ற பொறுப்பு.”

இங்கே உனக்கு என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உனக்கும் இது இருக்குமோ என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. ஒரு விஷயத்தை யாராவது சொன்னால், அவர்கள் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தாலும், நான் ஒரு தடவை கண்ணால் பார்த்தாக வேண்டும். ஏழாவது படிக்கும்போது மிக்சி ஏன் சுற்றுகிறது என்று பார்க்கத் திறந்தேன். அதன் பிறகு அது சுற்றவில்லை. போன வருஷம் அப்பாவின் பைக்கில் ஸ்பீடாமீட்டர் வயரை உருவிப் பார்த்தேன். அப்போது அப்பா, “இன்னொருக்கா எதையாச்சும் நோண்டுனீன்னா பன்னெண்டாவதோட நிறுத்திக் கட்டிக் குடுத்துருவேன், பாத்துக்க” என்று கத்தினார். எனக்கு சிவில் இன்ஜினியரிங் படிக்க ஆசை. அதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்வதற்கு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி அப்படி ஒரு நாள் வருமா என்று தெரியவில்லை.

நாலாம் நாள், போன வியாழக்கிழமை, அம்மா ஸ்கூட்டியில் கோவிலுக்குப் போனார். அப்பா பட்டறையில். நான் சாக்கை நனைக்கப் போனேன். கையில் பக்கெட் இருந்தது. சாக்கை எடுத்ததும் கல்லெல்லாம் கருஞ்சிவப்பாக, அப்போதுதான் குளித்து வந்தது போல இருந்தது. உள்ளே இருக்கிற தண்ணீர் எந்த வழியாக வெளியே வரும் என்று பார்த்தால் என்ன என்று தோன்றியது. கொஞ்சம் தீதானே. நாலு கொட்டாங்குச்சி வைத்தேன். பற்றியது, ஆனால் ஒன்றும் தெரியவில்லை. பட்டறையிலிருந்து அப்பா எரிக்கக் கொண்டுவந்து போட்டிருந்த மரத்துண்டுகள் பக்கத்திலேயே கிடந்தன. லாரிக்கு அறுத்த கெட்டி மரம். இரண்டு வைத்தேன். பிறகு நாலு. பிறகு எண்ணவில்லை.

நான் என்ன பார்த்தேன் தெரியுமா? செங்கல் வேர்த்தது. முதலில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலிருக்கும் கோடுகளில் பொட்டுப் பொட்டாகத் தண்ணீர். அது திரண்டு கீழே இறங்கியது. பிறகு சுவர் முழுக்க மெல்லிசாக வெள்ளை ஆவி, பசு மூச்சு விடுவது போல. செம்மண் பூச்சு என் கண் முன்னால் நிறம் மாறிக்கொண்டே வந்தது. அவர் சொன்னது அத்தனையும் நிஜம். நான் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். முக்கால் மணி நேரம் இருக்கும். இதைத் தப்பு என்று தெரிந்துகொண்டு எழுதும்போதும் அது அழகாக இருந்தது என்று உன்னிடம் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்வது முழு உண்மை ஆகாது. உனக்கு ஒரு அறிவுரை சொல்கிறேன்: ஆசையாகப் பார்த்துக்கொண்டிருப்பது அடுத்தவரின் வேலையா உன்னுடையதா என்று நடுவில் ஒரு தடவை கேட்டுக்கொள். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வாசலில் ஸ்கூட்டி சத்தம் கேட்டது. எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. நாலு நாளாக என் கை ஒரே வேலையைத்தான் செய்து பழகியிருந்தது. பக்கெட்டைத் தூக்கி முழுத் தண்ணீரையும் அடுப்பு மேல் கொட்டினேன். டப் என்று ஒரு சத்தம். கடப்பா கல் நடுவில் இரண்டாகப் பிளந்தது. உள் சுவரில் மூன்று கல்லின் முகம் அப்பளம் போல உரிந்து விழுந்தது. முன்பக்க மூலையில் விரிசல் ஒன்று மூன்று வரி இறங்கியது. நான் கரியை அள்ளிக் காலி மனைப் பக்கம் வீசினேன், தேங்காய் நாரால் கறையைத் தேய்த்தேன், நனைந்த சாக்கை எடுத்து எப்போதும் போல மேலே போர்த்தினேன். அம்மா பின்னால் வந்து எட்டிப் பார்த்து, “பரவால்லையே, சொல்லாமயே தண்ணி ஊத்தறயே” என்றார். புகை நாற்றம் அடிக்கிறதே என்றதற்கு, பக்கத்தில் யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று சொன்னேன். அதற்குப் பிறகு மூன்று நாள் அந்த உடைந்த அடுப்புக்கு நான் தினமும் இரண்டு வேளை தண்ணீர் விட்டேன்.

இன்றைக்கு ஞாயிறு. மாமா நண்பர்களோடு ஜேடர்பாளையத்துக்கு மீன் சாப்பிடப் போகிற வழியில், அடுப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார். சாக்கை விலக்கினார். பிளந்த கல்லையும் விரிசலையும் பார்த்தார். பிறகு மாமா சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட இத்தனை கஷ்டமாக இருந்திருக்காது. “பாத்தயா மாப்ள? ஒரு அடுப்பு! தீயே வெக்கல, அதுக்குள்ள வாயப் பொளந்துருச்சு. இவள நம்பி நான் மாடி ஊடு கட்டோணுமாம்!” அப்பா கடப்பா கல்லைத் தடவிக்கொண்டு, “பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலைன்னு அன்னைக்கே நெனச்சேன், சொல்லல” என்றார். ஃபோன் செய்து பூங்கொடி அக்காவை வரச் சொன்னார்கள். அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். வியர்த்திருந்தது, நடந்தே வந்திருப்பார் போல. யாரிடமும் எதுவும் கேட்காமல் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தார். விரிசலில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். உரிந்த கல்லைத் தொட்டார். உள்ளே செம்மண் பூச்சு அடியில் சுட்ட ஓடு போலச் சிவந்திருந்தது, அதை நான் தேய்த்தும் போகவில்லை. அதைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

“எங்கயோ என்ற கை தப்புப் பண்ணியிருக்குதுங்க” என்றார் மாமாவிடம். “அப்பறம் என்ன, நாளைக்கு வழக்கம்போலச் சட்டி தூக்க வா. ஃபேர்லேண்ட்ஸுக்கு வேற ஆளச் சொல்லிக்கறேன்” என்றார் மாமா.  அக்கா, அம்மா கொடுத்த டீயைக் கையில் வாங்கித் துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? வீட்டுக்காரர் பெண்ணை எப்படிச் சொல்வது என்றா? சொன்னால் நம்ப மாட்டார்கள் என்றா? சாயங்காலத்திலிருந்து இதையேதான் யோசிக்கிறேன். உனக்கு இருபத்தைந்து வயது, உனக்குத் தெரிந்திருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. நாளைக் காலை அவர் ஏழரை மணி பஸ் ஏறுவதற்கு முன்னால் அப்பாவிடம் சொல்ல வேண்டும். சொல்வேன் என்று இங்கே எழுதிவைக்கிறேன். எழுதிவிட்டால் செய்வேனா என்று பார்க்கலாம்.

இது புதன்கிழமை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை காலை அப்பா வாசலில் பைக் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் போய்ப் பின்னால் நின்றேன். முகத்தைப் பார்க்காமல் சொல்ல முடிந்தது. தீ, கல் வேர்த்தது, தண்ணீர், சாக்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் எண்ணெய் டப்பாவை மூடினார். கையைத் துடைத்தார். இனி அடி விழும் என்று நினைத்தேன். அவர் என்னை அடித்ததே இல்லை, ஆனாலும் நினைத்தேன். “ஏன் நேத்தே சொல்லல?” என்றார். “பயம்ப்பா.” “ஆரப் பாத்து?” நான் பைக் செயினைப் பார்த்தேன். “என்னையப் பாத்தா?” என்றார். அந்தக் குரலில் இருந்தது கோபம் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அத்தனை கத்தலும் கத்திவிட்டு, நாங்கள் அவருக்குப் பயப்படுவோம் என்பது அந்த மனிதருக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது! எனக்கு அது பெரிய ஆச்சரியம். ஆகவே உன்னிடம் இப்போதே கேட்டுவைக்கிறேன்: உனக்கு என்னைப் பார்த்தால் பயமா? இருந்தால் சொல்லிவிடு. எனக்குத் தானாகவே தெரிந்துவிடும் என்று எதிர்பார்க்காதே. தெரியாமல்கூட இருக்கலாம்.

“செருப்பப் போடு” என்றார் அப்பா. இரண்டு பேரும் பைக்கில் போனோம். லைன் வீட்டில் பூங்கொடி அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். அப்பா வாசலிலேயே நின்று, “சொல்லு” என்றார். நான் மறுபடி சொன்னேன். இந்தத் தடவை முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அக்கா டப்பாவைக் கீழே வைத்தார். “தீ வெச்சயா?” என்றார். “ஆமாக்கா.” “எத்தனை நேரம்?” “முக்கால் மணி நேரம்.” “சூட்டோட தண்ணி ஊத்துனயா?” “ஆமாக்கா.” கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். “அப்ப கட்டு நல்லாத்தான் இருந்துச்சா?” என்றார்.

அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சிவந்த செம்மண்ணைப் பார்த்தும், கலவையில் தானே ஏதோ கெடுத்துவிட்டதாகத்தான் நினைத்திருக்கிறார். கோழி சுடுவதற்கு முன்னால் யாராவது தீ வைப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பொறுப்பை என்னிடம் விட்டிருந்தார் அல்லவா? “ராத்திரி பூரா யோசிச்சேனுங்க. மண்ணு சரியில்லையா, சந்து பத்தலையா, இல்ல என்ற கைக்கே இது வராதான்னு. எட்டு வருஷமா எனக்குத் தெரியும்னு நெனச்சதெல்லாம் பொய்யான்னு” என்று அப்பாவிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. வேலை போனதுதான் நான் செய்த கெடுதல் என்று நினைத்திருந்தேன். அதைவிடப் பெரியது ஒன்று அந்த ராத்திரி அந்த வீட்டுக்குள் நடந்திருக்கிறது, அது எனக்குத் தெரியவே இல்லை. நான் என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அவருக்கு எல்லாம் தெரியும், அவர் என்னைக் காப்பாற்றுகிறார் என்று கற்பனை செய்துகொண்டிருந்தேன்.

அப்பா அங்கேயே நின்று மாமாவுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். எல்லாவற்றையும் சொன்னார். மாமா, “அட உடு மாப்ள, சின்னப் புள்ள. ஆனா நான் வேற கொத்தனாருக்குச் சொல்லிப்போட்டேனே” என்றார். “அப்ப இல்லேன்னு சொல்லு.” “ஒரு கறி அடுப்புக்காகவா?” “என்ற புள்ள செஞ்சதுக்கு மச்சான். நானும் வாய்க்கு வந்தது ஒன்னு சொன்னேன், அதுக்கும்.”  பூங்கொடி அக்கா எழுந்து வந்து ஃபோன் பக்கம் குனிந்தார். “ஏனுங்க, நான் பூங்கொடி பேசறனுங்க. சட்டி தூக்க இனி வர மாட்டனுங்க. கொத்தனாரா வரச் சொன்னா வாரேன். இல்லாட்டி இங்கயே வேற எடம் பாத்துக்கறேன்.” மாமா தொண்டையைச் செருமினார். “புதன்கிழமை வா. பின்பக்கச் சுவரு. ஒரு வாரம் உன்ற வேலையப் பாப்பேன்.” “ஒரு வாரம் எதுக்குங்க? மொத வரியப் பாத்தீங்கன்னாவே தெரியும்” என்றார் அக்கா. மாமா சிரித்தார். இந்தத் தடவை அது வேறு சிரிப்பு.

கிளம்பும்போது நான், “அக்கா, மன்னிச்சுக்கங்க” என்றேன். “அது சொன்னவொடனே வராது சாமி. எனக்கு இன்னம் கோவம் அடங்கல. நீ போ” என்றார். நான் இதுவரை, உண்மையைச் சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவர் கட்டிப்பிடித்துக்கொள்வார் என்று எங்கேயோ நம்பியிருக்கிறேன் போல. அப்படி இல்லை. உண்மையைச் சொன்னது அவருக்காக. அதற்குக் கூலியாக மன்னிப்பை நான் கேட்டது எனக்காக. இரண்டையும் ஒரே வாயால் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நீ எப்போதாவது இப்படி ஒரு வாசலில் நிற்க நேர்ந்தால், முதலாவதை மட்டும் சொல்லிவிட்டு வா. என் படிப்பைப் பன்னிரண்டாவதோடு நிறுத்துவதைப் பற்றி அப்பா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பைக்கில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “கல்லு வேர்த்துச்சுன்னியே, எந்த எடத்துல மொதல்ல?” சொன்னேன். ஒரு கிலோமீட்டர் போன பிறகு, “அப்படியா” என்றார்.

இன்றைக்குக் காலை பஸ் ஸ்டாண்டு ஓரம் பள்ளி வேனுக்காக நின்றிருந்தேன். சேலம் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. பூங்கொடி அக்கா வேகமாக வந்தார். எப்போதும் சட்டி தூக்கத் தலையில் கட்டுகிற துண்டு இல்லை. துணிப்பையிலிருந்து கொலுறின் மரப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. படியில் ஏறி, உள்ளே போய், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். வேன் வந்து ஹாரன் அடித்தது. டிரைவர் அண்ணன், “ஏம்மிணி, ஏறலயா?” என்று கத்தினார். சேலம் பஸ் வளைவில் திரும்பும் வரைக்கும் நான் ஏறவில்லை.

இப்படிக்கு,
உனக்கு ஒருநாள் அம்மா ஆகக்கூடியவள்